ஆள் சரியில்லை என்ற சாக்கு

டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் கால்பந்து அணி வரிசையாகத் தோற்றால் வரும் பதில் ஒன்றுதான்: "நல்ல பையன்களெல்லாம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள், இருப்பதை வைத்து என்ன செய்வது?" விளையாட்டு ஒதுக்கீட்டு ட்ரையல் முடிந்த அன்றே அந்த ஆண்டின் தலையெழுத்தும் முடிந்துவிட்டதாக நினைப்பு. இதைப் பொய்யாக்கிய ஆட்டங்கள் அதே ஊரில், டெல்லி கேட் அருகே, அம்பேத்கர் ஸ்டேடியத்தில்தான் நடந்தன.

2007 நேரு கோப்பையின் லீக் சுற்றில் சிரியா 3-2 என்று இந்தியாவைத் தோற்கடித்தது. ஆகஸ்ட் 29 அன்று நடந்த இறுதியாட்டத்தில் அதே சிரியாவை என்.பி. பிரதீப் அடித்த ஒரே கோலில் இந்தியா வென்றது. 2009இல் அதே மைதானத்தில், லீக்கில் 0-1 தோல்வி. இறுதியில் 1-1, பெனால்டியில் 5-4 வெற்றி. ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். இரண்டு முறையும் தரவரிசையில் சிரியாதான் மேலே. இடையில் கிடைத்த சில நாள்களில் இந்தியாவுக்குப் புதுத் திறமை முளைத்துவிடவில்லை. கூடைப்பந்தில் எண்பது, தொண்ணூறு புள்ளிகள் விழுவதற்குள் வலுவான அணி எப்படியும் மேலே வந்துவிடும். கால்பந்தில் இரு பக்கமும் சேர்த்து மூன்று கோல் விழுந்தாலே அதிகம். எளிய அணிக்கு ஒன்று போதும்.

"அப்படியானால் எல்லோரும் கோல் கம்பத்தடியில் போய் நிற்க வேண்டியதுதானே" என்பார்கள், கேலியாக. அந்த இரண்டு கோப்பைகளிலும் பயிற்சியாளராக இருந்த பாப் ஹௌட்டனின் பழைய கதை இதற்குப் பதில். ஸ்வீடன் ஆட்டக்காரர்களை மட்டுமே வைத்து மால்மோ அணியை 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனவர் அவர். அங்கே 0-1 என்று தோற்றார்கள். கோல் அடித்தவர் டிரெவர் ஃபிரான்சிஸ், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிய ஆள். மால்மோ ஆளுக்கு ஆள் துரத்தவில்லை, இடத்தைக் காத்தது. நால்வர் கொண்ட இரண்டு வரிசைகள் நெருங்கி நின்று, சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. பந்தை வெட்டி ஓட்டும் வித்தை இதற்குத் தேவையில்லை. சலிக்காமல் திரும்பத் திரும்பப் பழகும் பொறுமைதான் தேவை. பெரும்பாலான கல்லூரி அணிகளிடம் இல்லாதது அந்தப் பொறுமைதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

நின்ற பந்தும் அப்படித்தான். 2009 இறுதியாட்டத்தில் இந்தியாவின் கோல் கூடுதல் நேரத்தில் ரெனடி சிங் அடித்த ஃப்ரீ கிக்கில் வந்தது. 2018 உலகக் கோப்பையின் 169 கோல்களில் பெனால்டி, கார்னர், ஃப்ரீ கிக் வழியாக வந்தவை நாற்பது சதவீதத்துக்கும் மேல்.

ஒரு ஆட்டத்தில் சரி, நீண்ட லீக்கில் சாயம் வெளுத்துவிடாதா? இதுதான் உண்மையிலேயே கனமான கேள்வி. ஐஸால் எஃப்சி 2015-16 ஐ-லீக்கிலிருந்து கீழிறக்கப்பட்டு, பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி. மும்பை எஃப்சி விலக்கிய காலித் ஜமீல் பயிற்சியாளராக வந்தார். 18 ஆட்டங்கள், 37 புள்ளிகள். மோகன் பகானைவிட ஒரு புள்ளி அதிகம். 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் 1-1 என்று சமன் செய்து பட்டத்தை எடுத்தார்கள். சிறிய ஊர், சிறிய பணம். அந்த ஜமீல் 2025இல் இந்திய அணிக்கே பயிற்சியாளரானார்.

முறை இருந்தால் யாரையும் வெல்லலாம் என்று நான் சொல்லவில்லை. ஹௌட்டனின் இதே இந்தியா 2011 ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, தென் கொரியாவிடம் தலா நான்கும், பஹ்ரைனிடம் ஐந்தும் வாங்கியது. ஆனால் ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு கல்லூரிகளுக்கு இடையே தென் கொரியா அளவு தூரம் கிடையாது. ட்ரையலில் கைநழுவிய ஸ்ட்ரைக்கரைப் பற்றிப் புலம்பும் பயிற்சியாளரிடம், அணி கடைசியாக எப்போது கார்னர் பழகியது என்று கேட்டுப் பாருங்கள்.