கோவை எங்கே முடிகிறது?

கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ ரயில் கேட்டுத் தமிழக அரசு அனுப்பிய திட்டங்களை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று மக்கள்தொகை. 20 லட்சம் பேர் வேண்டுமாம். 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தது 16 லட்சத்துக்கும் குறைவு. அதே கணக்கெடுப்பு, சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த கோவை நகரத் தொகுப்பில் 21 லட்சத்துக்கு மேல் காட்டுகிறது. எல்லைக் கோட்டை நகர்த்தினால் ஊரே பெரிதாகிறது.

கோவையைச் சுற்றியுள்ள கொங்கு நாடு ஒற்றை நகரமாக வளர்ந்ததே இல்லை. 1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் பஞ்சாலை, 1930களில் பைக்காரா நீர்மின்சாரம், அதைத் தொடர்ந்து பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் வரிசையாக மில்கள். மில் எந்திரங்களைப் பழுதுபார்க்கவும் கிணற்றுக்கு மோட்டார் செய்யவும் லேத் பட்டறைகள். சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி, திருப்பூரில் பனியன், ஈரோட்டில் ஜவுளிச் சந்தை. ஒன்றின் சரக்கு மற்றொன்றுக்கு மூலப்பொருள்.

இந்தப் பரப்பை நிர்வாகம் துண்டு துண்டாகப் பிரித்தது. 1804இல் உருவான கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து 1979இல் ஈரோடு, பெரியார் மாவட்டம் என்ற பெயரில் பிரிந்தது. 2009இல் திருப்பூர் பிறந்தது. அதில் நன்மை இல்லாமல் இல்லை. ஒரு மனு கொடுக்க உடுமலைக்காரர் கோவை வரை பஸ் ஏறிய காலம் போய்விட்டது.

ஆனால் தொழில் மாவட்டம் பார்த்து நடப்பதில்லை. கோவைப் பக்கத்து மில்லில் நூற்ற நூல் திருப்பூரில் நிட்டிங் முடிந்து, சாயம் ஏற்றப் பெருந்துறை சிப்காட் வரை போய், திரும்பி வந்து கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் முடிந்துதான் பனியனாகப் பெட்டிக்குள் போகிறது. ஒரு பனியனுக்கு மூன்று மாவட்டம். 2025இல் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் ஏறத்தாழ ஒரு மாதம் நின்றபோதும் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிக்காரர்கள் சேர்ந்துதான் நின்றார்கள்.

சரக்கு மட்டுமல்ல, கழிவும் எல்லை தாண்டுகிறது. வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல், கோவையின் சாக்கடையையும் திருப்பூரின் சாயத்தையும் சுமந்து ஈரோடு, கரூர் மாவட்டங்களுக்குப் போனது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமானது. பாதிக்கப்பட்டவர்கள் கீழ்மடை விவசாயிகள். கழிவை விட்டவர்கள் மேலே. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கடிவாளம் விழுந்தது.

இந்த எல்லைச் சிக்கலுக்கு, சுற்றியுள்ள எல்லா ஊராட்சிகளையும் மாநகராட்சியோடு இணைத்துவிடலாம் என்பது எளிதாகத் தோன்றும் தீர்வு. கிராமத்துக்காரர்கள் அதை எதிர்ப்பதில் நியாயம் உண்டு. வரி கூடும், ஊரக வேலை உறுதித் திட்டம் போகும். குடிநீரும் சாக்கடை வசதியும் வர ஆண்டுகள் பிடிக்கும்.

வேறு வழிக்கு இங்கேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டம், காளிங்கராயன் அணைக்கட்டின் உபரிநீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம், குட்டைகளுக்குக் கொண்டுபோகிறது. அங்கே தண்ணீரை மாவட்டவாரியாக யாரும் திட்டமிடவில்லை.

போக்குவரத்துக்கும் அந்தப் பார்வை வேண்டும். கோவைக்கும் திருப்பூருக்கும் தனித்தனி நகர வளர்ச்சிக் குழுமங்களைத் தமிழக அரசு அறிவித்தது. தனித்தனியாக இருந்தாலும், அவிநாசி சாலைப் போக்குவரத்தையும் நொய்யலையும் இரண்டும் ஒரே மேசையில் வைத்துத் திட்டமிட வேண்டும். ஆற்றைப் பொறுத்தவரை ஈரோட்டுக்கும் கரூருக்கும் அங்கே நாற்காலி வேண்டும். மெட்ரோவுக்கு மறுபடி டெல்லிக்குப் போகும்போது, மாநகராட்சிக் கணக்கை விட்டுவிட்டு, சூலூரிலிருந்தும் அன்னூரிலிருந்தும் தினமும் வேலைக்கு வந்து போகிறவர்களையும் எண்ணிக் காட்ட வேண்டும்.