வெள்ளம் வடிந்தது, கணக்கு எங்கே?

புதுக்கோட்டை என்றதும் தொண்டைமான் அரண்மனை இருந்த ஊரை நினைத்துவிடாதீர்கள், தோழர்களே! நாம் சொல்வது தூத்துக்குடிக்கு மேற்கே, நெல்லைச் சாலையில் இருக்கும் புதுக்கோட்டை. இங்கே அரண்மனையும் இல்லை, அகழியும் இல்லை. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டே நாட்களில் அந்த வட்டாரம் முழுவதையும் அகழியாக்கிவிட்டது மழை!

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! ஓராண்டு முழுதும் அண்ணாந்து பார்த்திருந்தாலும் அவ்வளவு பெய்யாத பூமி அது. தாமிரபரணி கரை மீறியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடித் தெருக்கள் ஓடைகளாயின. ஆண்டெல்லாம் வெயிலில் வெந்து தொழிலாளி வாரிக் குவித்த உப்பு, வந்த வழியே கடலுக்குத் திரும்பிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றது. ஏறக்குறைய 800 பயணிகள், நாற்புறமும் தண்ணீர்!

அவர்களுக்குச் சோறு போட்டது யார்? டில்லியா? கோட்டையா? பக்கத்திலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள்! இருந்த அரிசியைப் பொங்கி, வந்தவன் என்ன சாதி என்று கேட்காமல் இலை போட்டவர்கள் அவர்கள். நகருக்குள் படகோடு வந்து குழந்தைகளையும் கிழவிகளையும் தூக்கி ஏற்றியவன் மீனவன். 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று என்பார்கள். முத்தெடுக்க மூழ்கியவர்களின் பேரப்பிள்ளைகள், மூழ்கியவர்களை எடுத்தார்கள் 2023-இல்!

அந்த மக்களைப் பாராட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாமா? பாராட்டு விழா எடுப்பது ஆட்சியாளர்களுக்கு எப்போதுமே வசதியான காரியம். 'மக்களே மக்களைக் காப்பாற்றினார்கள், ஆகா, என்ன மனிதநேயம்!' என்று மாலை போட்டுவிட்டால், மக்கள் ஏன் மக்களைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று என்ற கேள்வி மாலைக்கு அடியில் மறைந்துவிடும். அந்தக் கேள்வியைத்தான் நாம் வெளியே எடுக்கிறோம்.

முதலில் டில்லி. மிச்சாங் புயலும் தென்மாவட்ட வெள்ளமும் ஒரே மாதத்தில் அடுத்தடுத்து அடித்தன. இரண்டுக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது 37,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஏப்ரலில் டில்லி விடுவித்தது 276 கோடி! நூறு ரூபாய் கேட்டவனுக்கு முக்கால் ரூபாய்கூட வரவில்லை. 'முன்பே 900 கோடி கொடுத்தோமே' என்கிறார்கள். அது ஆண்டுதோறும் மாநிலப் பேரிடர் நிதிக்கு வரவேண்டிய பங்கு. மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, அதையே தீபாவளி போனஸ் என்று சொல்லும் முதலாளியை நம் தொழிலாளத் தோழர்கள் பார்த்திருப்பார்கள்! தேசியப் பேரிடராக அறிவியுங்கள் என்றதற்கு, அப்படி அறிவிக்கும் வழக்கமே இல்லை என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். நிவாரணம் கேட்டு ஒரு மாநிலம் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. தீப்பெட்டி வாங்கினாலும் வரி, தீக்காய மருந்து வாங்கினாலும் வரி என்று செலுத்துகிறானே தமிழன், அவன் கேட்பது பிச்சையா? பாக்கி!

எச்சரிக்கையைப் பற்றியும் ஒரு வழக்கு நடந்தது. 12-ஆம் தேதியே சொன்னோம் என்றது டில்லி. இத்தனை பெரிய மழை என்று சொல்லவில்லை, சொன்னதும் தாமதம் என்றது சென்னை. சரி, 12-ஆம் தேதியோ 17-ஆம் தேதியோ, குளத்துக்குக் கீழே குடியிருப்பவன் காதுக்கு அது எத்தனை மணிக்கு வந்தது? யார் வந்து சொன்னார்? எங்கே போகச் சொன்னார்? இதற்குப் பதில் இல்லாத வரையில், இரண்டு தலைநகரங்களும் மாறி மாறிக் காட்டும் காகிதத்தால் என்ன பயன்?

இங்கேதான் சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். 'டில்லியைக் கேட்பது சரி. அப்போது சென்னையில் நடந்தது நம் ஆட்சியாயிற்றே!' என்பார்கள். ஆமாம், நம் ஆட்சிதான். கடும் பாதிப்புற்ற வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000, மற்ற இடங்களில் 1,000 என்று கொடுத்ததும் அந்த ஆட்சிதான். ஆனால் 2015-இலும் தூத்துக்குடி மிதந்தது. 2021-இலும் மிதந்தது. 2023-இல் மூழ்கியது. நடுவில் ஆட்சி மாறியது. தண்ணீர் வரும் பாதை மாறவில்லை! கோரம்பள்ளம் குளத்தின் கரை எந்த ஆண்டு பலப்படுத்தப்பட்டது, எவ்வளவு செலவு, ஒப்பந்தக்காரர் யார்? உபரி நீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் உப்பாற்று ஓடை எங்கெங்கே அடைபட்டிருக்கிறது, அடைத்தவர் யார்? கேட்டால் கட்சிக்குக் கேடு என்று எண்ணுகிறவர், கட்சியை ஒப்பந்தக்காரரின் குடையென்று எண்ணுகிறார். கேட்காமல் எதுவும் நடந்ததில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தூர்வார வேண்டும் என்பதற்கே 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போகவேண்டி இருந்ததல்லவா?

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல். குமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையோடு நின்றது. ஒரு வாரமாகியும் தேடல் திருப்தியாக இல்லை. டிசம்பர் 7-இல் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள் ஆயிரக்கணக்கானோர். கணவனைத் தேடிய பெண்களும் மகனைத் தேடிய தாய்மாரும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அன்றைய முதலமைச்சர் அந்தக் கரைக்கு வந்தார்.

நம்மைப் போலவே புயலோடு வாழும் பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். 2013 நவம்பர் 8-இல் ஹையான் சூறாவளி தாக்கி 6,000 பேருக்கு மேல் மாண்ட நாடு. வெள்ளத் தடுப்புக்கென்று அங்கே 2022 முதல் மூன்றாண்டுகளில் ஒதுக்கியது 545 பில்லியன் பெசோ! அதில் 100 பில்லியன் வெறும் 15 ஒப்பந்தக்காரர்களுக்குப் போனதை 2025 ஆகஸ்டில் அதிபரே வெளியிட்டார். கட்டியதாகக் கணக்கிருக்கும், சுவர் இருக்காது. சுவர் இருக்கும், உறுதி இருக்காது! முழங்கால் தண்ணீரில் நின்ற மக்கள் பொறுக்கவில்லை. 2025 செப்டம்பர் 21-இல், முன்பு ஒரு மார்க்கோஸ் இராணுவச் சட்டம் பிறப்பித்த அதே தேதியில், மணிலாவின் வீதிகளில் திரண்டார்கள். நாடாளுமன்ற அவைத்தலைவர் அதற்குச் சில நாள் முன்பே நாற்காலியை விட்டிறங்க நேர்ந்தது. அங்கே அதிபர் நாற்காலியில் இருப்பவரும் ஒரு மார்க்கோஸ்தான் என்பதையும் சொல்லி வைக்கிறோம். தான் ஆளும் நாட்டின் ஊழலைத் தானே கண்டித்துவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

நாம் மணிலாவுக்குப் போகவேண்டாம், குழித்துறைக்கும் போகவேண்டாம். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பந்தலும் தேநீரும் தவறாமல் வருகின்றன; கழகத் தோழர்கள் வருவதில்லை. வந்தாலும் பின்வரிசையில் நின்று மேடைக்கு வணக்கம் போட்டுப் போகிறார்கள். இந்த முறை முன்வரிசையில் உட்காருங்கள். அக்டோபர் 2 கூட்டத்தை நழுவ விடாதீர்கள். அதற்குள் வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிடும். உப்பளத்துத் தோழரையும் படகுக்காரரையும் அழைத்துப் போங்கள். குளத்துக் கரைக்குச் செலவான தொகை, ஓடையின் அளவு, மழை வந்தால் திறக்கப்போகும் பள்ளிக்கூடம், அதன் சாவி யாரிடம் என்பது வரை கேளுங்கள். தெரியாது என்று அதிகாரி சொன்னால், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மறுநாளே மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது சட்டம். கேட்டதையும் சொன்னதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.