கம்பெனி வேலையை விட்டுட்டு டீச்சர் ஆகலாமா? முதல்ல உங்க வயலைக்காவூரைக் கண்டுபிடிங்க



"ப்ரோ, கம்பெனி வேலை வெறுத்துப்போச்சு. விட்டுட்டு பி.எட். படிச்சு வாத்தியாரா போயிடலாம்னு இருக்கேன். சரியான முடிவா?"

இந்தக் கேள்வி நம்ம சேனலுக்கு அடிக்கடி வருது. கேட்கிறவங்க பெரும்பாலும் 26, 27 வயசுக்காரங்க. மாசம் 50,000, 60,000 சம்பளம் வாங்குறவங்க.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். போங்க, தாராளமா போங்க. ஆனா ராஜினாமா லெட்டரை இன்னைக்கு அனுப்பாதீங்க. ஏன்னு சொல்றேன்.

நவம்பர்ல போன கணக்கு வாத்தியார்

என் நண்பன் ஒருத்தன், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். பி.எஸ்சி. மேத்ஸ் முடிச்சுட்டு ஒரகடத்துல ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ் பிரிவுல இருந்தான். விடியற்காலையில கம்பெனி பஸ் ஏறினா இருட்டினப்புறம்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர்ப் பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். அந்த ஒரு நாள்தான் அவன் முகத்துல களை இருக்கும்.

ஒரு நாள் வேலையை விட்டான். பி.எட். முடிச்சான். ஒரு தனியார் பள்ளியில பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆரம்பிச்சான். பசங்களுக்கு அவனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

ஆனா வேலையை விடும்போதே அவனுக்கு ஒரு பர்சனல் லோன் பாக்கி இருந்தது. படிச்ச 2 வருஷத்துல சேமிப்பும் பிஎஃப் பணமும் கரைஞ்சுபோச்சு. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்போ கையில ஹெல்த் இன்சூரன்ஸ் இல்ல. கம்பெனி கொடுத்த பாலிசி ராஜினாமா பண்ண அன்னைக்கே முடிஞ்சிருச்சு. நவம்பர் மாசம் மறுபடியும் ஒரு கம்பெனிக்கே போயிட்டான். ஜனவரி வரைக்கும் அந்த வகுப்புக்கு வேற கணக்கு வாத்தியார் கிடைக்கல.

"நான் தோத்துட்டேன்னா அது என் பாடு. பப்ளிக் எக்ஸாமை வச்சுக்கிட்டு அந்த 38 பசங்களை நடுவுல விட்டுட்டேனேடா"ன்னு இன்னைக்கும் சொல்வான்.

"லட்சத்துல சம்பளத்தை விட்டுட்டு ஆசிரியர் ஆனார்"னு ஒரு கதை வந்தா நாம எல்லாரும் ஷேர் பண்றோம். அவர் கையில எவ்வளவு சேமிப்பு இருந்ததுன்னு யாரும் கேட்கிறதில்ல. நீங்க பணக்கணக்கு போடாம வாத்தியாரானா, அந்த நஷ்டம் உங்களோட நிக்காது. உங்க வகுப்புல உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க தலையிலயும் விழும்.

திருமுக்கூடல் சுவத்துல ஒரு சம்பளப் பட்டியல்

அதே நண்பனோட பைக்ல ஒருநாள் திருமுக்கூடல் போனேன். செங்கல்பட்டு – காஞ்சிபுரம் ரோட்டுல பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம். அங்க இருக்கிற அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் இப்போ தொல்லியல் துறை பராமரிப்புல இருக்கு.

அந்தக் கோயில் கல்வெட்டு 11-ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்தது. கோயிலோட சேர்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கையோட ஒரு ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்ததுன்னு அது சொல்லுது. அங்க வேலை செஞ்சவங்க யார் யாருக்கு என்ன சம்பளம்னு கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். ஆசிரியர்களுக்கும் அதே மாதிரி நெல்லு, காசு ரெண்டும் உண்டு. மாணவர்கள் சனிக்கிழமை தலைக்குத் தேய்ச்சுக் குளிக்கிற எண்ணெய்க்குக்கூட ஒதுக்கீடு இருக்கு.

ஒண்ணை மறைக்க வேண்டாம். அது வேதமும் இலக்கணமும் படிக்க வந்த குறிப்பிட்ட சிலருக்கான கல்விச்சாலை. ஊர்ல எல்லார் பிள்ளையும் போற பள்ளிக்கூடம் இல்ல. ஆனா அவங்க பணத்தை ஏற்பாடு பண்ண விதத்துல நமக்கு ரெண்டு பாடம் இருக்கு.

ஒண்ணு, சம்பளம் நெல்லாவும் காசாவும் பிரிஞ்சிருந்தது. விலைவாசி எப்படி ஏறினாலும் நெல்லு வீட்டுக்கு வந்துடும், அடுப்பு எரியும். மத்த செலவுக்குக் காசு.

ரெண்டு, இந்தச் செலவுக்கெல்லாம் வயலைக்காவூர்ங்கிற ஊரோட வருவாயை ஒதுக்கி வச்சிருந்தாங்க. முதல்ல வருமானத்துக்கு வழி, அப்புறம்தான் பாடம். இன்னைக்கு பாஷையில சொன்னா அது கார்ப்பஸ் ஃபண்ட்.

உங்ககிட்ட நான் கேட்கிறதும் இதேதான். உங்க வயலைக்காவூர் எங்கே?

சரி, கணக்குக்கு வருவோம்

முதல்ல உங்க செலவை ரெண்டாப் பிரிங்க. வாடகை, மளிகை, அப்பா அம்மா மருந்து, இன்சூரன்ஸ் பிரீமியம், இதெல்லாம் "நெல்லு". நிறுத்தவே முடியாது. ஓடிடி, ஸ்விக்கி, புது போன், வருஷா வருஷம் கோவா, இதெல்லாம் "காசு". இஎம்ஐ இருந்தா அதுவும் நெல்லுலதான் வரும். அதனாலதான் கடனோட இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொல்றேன்.

ஒரு உதாரணம். உங்க நெல்லுச் செலவு மாசம் 28,000 ரூபாய்னு வச்சுப்போம்.

- பி.எட். 2 வருஷம்: 28,000 × 24 = 6,72,000
- படிப்புச் செலவு (உத்தேசமா): 1,00,000
- படிச்சு முடிச்சு வேலை தேடுற 6 மாசம்: 1,68,000
- தொடவே கூடாத எமர்ஜென்சி ஃபண்ட், 6 மாசத்துக்கு: 1,68,000

மொத்தம் 11,08,000 ரூபாய். மாசம் 25,000 சேர்த்தா, வட்டியை விட்டுட்டுப் பார்த்தாலும் சுமார் 3 வருஷம் 9 மாசம். பயமா இருக்கா? 26 வயசுல ஆரம்பிச்சா 30 வயசுல கடன் இல்லாம பி.எட். வகுப்புல உட்காரலாம்.

இந்த நாலு வருஷத்துல இன்னொரு லாபமும் இருக்கு. ஒரே கம்பெனியில 5 வருஷம் முடிச்சா கிராஜுவிட்டி கிடைக்கும். பேசிக் 25,000 இருந்தா சுமார் 72,000 ரூபாய் வரும். நாலரை வருஷத்துல கோபத்துல விட்டுட்டு வராதீங்க. பிஎஃப் பணத்தையும் எடுக்காதீங்க, அது வட்டியோட வளரட்டும். குடும்பத்துக்குத் தனி ஹெல்த் இன்சூரன்ஸை வேலையில இருக்கும்போதே எடுத்துடுங்க.

"வேலையில இருந்துக்கிட்டே தொலைதூரக் கல்வியில பி.எட். முடிச்சிடலாமே"ன்னு கேட்பீங்க. அந்த வழி ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடிச்சவங்களுக்கானது. கம்பெனி ஊழியர் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

எந்த வகுப்பு, எந்தத் தேர்வு

இதுல நிறைய பேர் தப்புக் கணக்கு போடறாங்க.

1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கும் எடுக்க பி.எட். செல்லாது. 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. அதுக்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேணும்.

6-க்கு மேல பட்டதாரி ஆசிரியர் ஆக டிகிரி, பி.எட்., டெட் ரெண்டாம் தாள். 150 மார்க்குக்குப் பொதுப்பிரிவுக்கு 90 எடுக்கணும், மத்த பிரிவுகளுக்குச் சலுகை உண்டு. பி.இ. படிச்சவங்க பி.எட். முடிச்சா 6 முதல் 8 வரைக்கும் கணக்கு எடுக்கலாம்.

11, 12-க்கு எம்.ஏ., எம்.எஸ்சி. மாதிரி முதுகலையும் பி.எட்.டும் வேணும். டிஆர்பி நடத்துற முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதணும்.

அரசுப் பள்ளியில அடிப்படைச் சம்பளம் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400-ல, முதுகலை ஆசிரியருக்கு 36,900-ல ஆரம்பிக்குது. அது மேல அகவிலைப்படி. விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும். அந்தக் காலத்து நெல்லு செஞ்ச வேலையை இப்போ இது செய்யுது.

ஆனா டெட் பாஸ் பண்ணினாலே வேலை இல்ல. 2018-ல வந்த அரசாணைப்படி தனியா ஒரு போட்டித் தேர்வு உண்டு. 2013-ல டெட் பாஸ் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருந்து போராட்டம் நடத்தினவங்களை நியூஸ்ல பார்த்திருப்பீங்க. அதனால அரசு வேலையை போனஸா வச்சுக்கோங்க. உங்க திட்டம் தனியார் பள்ளிச் சம்பளத்துல நிக்கணும்.

தனியார் பள்ளியில கைக்கு 18,000 வருதுன்னு வச்சுப்போம். நெல்லுச் செலவு 28,000. மாசம் 10,000 துண்டு விழும். "டியூஷன் எடுத்து சமாளிச்சுக்கலாம்"னு யோசிக்காதீங்க. கல்வி உரிமைச் சட்டத்தோட 28-ஆம் பிரிவு பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாதுங்குது. அந்த 10,000-க்கு வழி உங்க முதலீட்டுல இருந்தோ, துணைவரோட சம்பளத்துல இருந்தோ, ஊருக்கே திரும்பி வந்து வாடகை மிச்சம் பிடிக்கிறதுல இருந்தோ வரணும். இன்னொரு விஷயம், தனியார் பள்ளி ஆசிரியருக்கும் கிராஜுவிட்டி உரிமை சட்டப்படி உண்டு. வேலையில சேரும்போதே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

ராஜினாமாவுக்கு முன்னாடி ஒரு பரீட்சை

காசு சேர்ற அந்த நாலு வருஷம் சும்மா இருக்க வேண்டாம். வாரம் ஒரு நாள் பாடம் எடுங்க. ஊர் நூலகம், பக்கத்துத் தெரு, கோயில் மண்டபம், எங்க வேணும்னாலும் சரி. கான் அகாடமி ஆரம்பிச்ச சல்மான் கான் (நடிகர் இல்ல!) 2004-ல முதலீட்டு நிறுவன வேலையில இருந்துக்கிட்டேதான் சொந்தக்காரப் பொண்ணுக்குப் போன்ல கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார். வேலையை விட்டது 2009-ல. நடுவுல 5 வருஷம்.

ஒரு வருஷம் விடாம, அதே பசங்களுக்கு, அதே பின்னக்கணக்கைப் பத்தாவது தடவை சொல்லிக்கொடுத்தும் உங்களுக்கு அலுக்கலைன்னா, உங்களுக்குப் பிடிச்சது வாத்தியார் வேலைதான். ரெண்டாவது மாசமே சாக்கு சொல்லி நிறுத்திட்டீங்கன்னா, உங்களுக்குப் பிடிக்காதது உங்க மேனேஜர். அதுக்கு கம்பெனி மாத்தினா போதும், தொழிலை மாத்த வேண்டாம்.

என் நண்பன் இப்போ லோனை அடைச்சுட்டான். அப்பா அம்மாவுக்கும் சேர்த்து பாலிசி எடுத்துட்டான். ஒரு எக்ஸெல் ஷீட் வச்சிருக்கான், அதுக்குப் பேரே "வயலைக்காவூர்". 7 லட்சத்தைத் தாண்டிடுச்சு. மறுபடியும் பள்ளிக்கூடம் போறப்போ ஜூன்ல சேர்ந்து, அந்த வருஷப் பசங்க பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் நிப்பேன்னு சொல்லியிருக்கான்.

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பேப்பர் எடுத்து நெல்லு ஒரு பக்கம், காசு ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. உங்க நெல்லுச் செலவு எவ்வளவு வருதுன்னு சொல்லுங்க. அடுத்த வீடியோவுல உங்க கணக்குகளையே எடுத்துப் பேசலாம்.