பூமிக்குள் கசியும் பெட்ரோல்: சுத்தம் செய்யும் பணம் யாருடையது?

பெட்ரோல் கடைக்குப் போகிறவர்கள் மேலே நிற்கும் பம்பைப் பார்க்கிறார்கள். காலடியில் புதைத்து வைத்திருக்கும் தொட்டியை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காததனாலேயே அதில் ஓட்டை விழுந்தாலும் ஒருவருக்கும் தெரிவதில்லை. தெரிய வருகிற காலத்தில் அடுத்த வீட்டுக்காரன் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாததாகிவிடுகிறது. அப்போதுதான் கேள்வி பிறக்கிறது. இதைச் சுத்தம் செய்யும் செலவு யாரைச் சேர்ந்தது? கடைக்காரனையா, கம்பெனிக்காரனையா, சர்க்காரையா? அல்லது கிணற்றை இழந்தவன் தலையிலேயே விடிய வேண்டியதுதானா?

இந்தக் கேள்வியை அமெரிக்கா தேசத்தார் 40 வருஷ காலமாகக் கேட்டு வருகிறார்கள். அந்நாட்டு ஜனங்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் குடி தண்ணீர் பூமிக்கடியிலிருந்துதான் வருகிறது. அங்கு மோட்டார் பெருகிய காலத்தில் வெறும் இரும்புத் தொட்டிகளை ஊர்தோறும் புதைத்தார்கள். ஈர மண்ணில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும் என்பதை அறிய மேதாவி எவனும் வேண்டியதில்லை. துருப்பிடித்தது, கசிந்தது. பெட்ரோல் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரின் மேல் மிதக்கிறது. அதிலுள்ள பென்ஸீன் என்னும் வஸ்து தண்ணீரில் கரைந்து நெடுந்தூரம் போகிறது. அது புற்றுநோயைக் கொடுக்கக்கூடியது. 100 கோடி பங்கு தண்ணீரில் 5 பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாதென்பது அந்த நாட்டுச் சட்டம். இதுவரையில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட இடங்களில் கசிவு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறதென்றால் சங்கதி எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

அமெரிக்கக் காங்கிரஸ் 1984-ல் இதற்கென்று சட்டம் செய்தது. 1986-ல் ஒரு தனி நிதி ஏற்படுத்தி, விற்கும் ஒவ்வொரு காலன் மோட்டார் எண்ணெய்க்கும் ஒரு சென்டில் பத்தில் ஒரு பாகம் வரி போட்டது. பழைய தொட்டிகளைச் சீர்படுத்தவோ மாற்றவோ மூடவோ 1998 டிசம்பர் 22 வரை கெடு கொடுத்தார்கள். இதல்லாமல், பல ராஜ்யங்கள் தாங்களும் தனித்தனி நிதி வைத்துச் சுத்தம் செய்யும் செலவைக் கொடுத்து வருகின்றன.

இதற்குச் சிலர் ஆட்சேபணை சொல்லுகிறார்கள். “கெடுத்தவன் செலவு செய்யட்டும், பொதுப்பணம் எதற்கு?” என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கெடுத்தவன் செத்துப் போயிருந்தால்? கடை திவாலாகி, சொந்தக்காரன் யாரென்றே தெரியாமல் தொட்டி மட்டும் மண்ணுக்குள் கிடந்தால்? வழக்குப் போட்டு, வாய்தா வாங்கி, தீர்ப்பு வரும் வரையில் பெட்ரோல் கசியாமல் காத்துக்கொண்டிருக்குமா? கலிபோர்னியாவில் சாண்டா மோனிகா என்ற நகரத்தின் கிணறுகளில், பெட்ரோலில் கலக்கும் ஒரு ரசாயனம் 1996-ல் காணப்பட்டது. அந்நகரம் தன் குடிதண்ணீரில் பாதியளவை இழந்து, வெளியிலிருந்து விலைக்கு வாங்கிக் குடித்தது. தாகத்துக்கு வாய்தா கிடையாது. ஆகவே, முதலில் பொது நிதியிலிருந்து சுத்தம் செய்துவிட்டுப் பிறகு கெடுத்தவனிடம் வசூல் செய்வதுதான் அறிவுடைமை என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் நிதி வைத்தால் மட்டும் போதாது. பணம் இருக்குமிடத்தில் பணக்காரனுடைய கைதான் முதலில் நீளும். சில பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் ஒரே கசிவுக்கு இன்ஷ்யூரன்ஸிலும் பணம் வாங்கி, ராஜ்ய நிதியிலும் பணம் வாங்கிக்கொண்டதாகப் பல ராஜ்யங்கள் வழக்குத் தொடுத்தன. சில கம்பெனிகள் பணத்தைக் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டன. இது யோக்கியமான வியாபாரமா? இதை எண்ணித்தான் போலும், கலிபோர்னியாவில் 1989-ம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட நிதியில் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: முதலில் வீட்டுத் தொட்டிக்காரர், பிறகு சிறு வியாபாரி, பிறகு நடுத்தர வியாபாரி, கடைசியில்தான் மற்றவர்கள். இதுவே நேர்மையான வரிசை.

சர்க்காரின் யோக்கியதையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தண்ணீரைச் சுத்தம் செய்யவென்று காலன் காலனாக வசூலித்த அந்த 1986-ம் வருஷ நிதியிலிருந்து, 2012-ல் 240 கோடி டாலரை எடுத்து ரோடு நிதிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2015-ல் செய்த சட்டப்படி இன்னும் 30 கோடி டாலர் போயிற்று. அப்போதும் பல்லாயிரம் இடங்கள் சுத்தம் செய்யப்படாமலே கிடந்தன. ரோடு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ரோட்டுக்குப் பணம் வேண்டுமானால் ரோட்டுக்கென்று சொல்லி வரி கேட்கட்டும். தண்ணீரைக் காட்டி வாங்கிய பணத்தில் தார் ஊற்றுவது ஜனங்களை ஏமாற்றுவதல்லாமல் வேறென்ன?

“அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு?” என்று கேட்கலாம். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டுத் தண்ணீரில் எண்ணெய் வந்ததை மறந்துவிட்டீர்களா? அங்கே கசிந்தது தொட்டியல்ல, பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய். தொட்டியானாலென்ன, குழாயானாலென்ன? தண்ணீரை இழந்தவர்கள் அங்குக் குடியிருந்த ஜனங்கள்தான். இது தலைவிதியுமல்ல, கிரகக் கோளாறுமல்ல. துரு, அசட்டை, லாப ஆசை ஆகிய மூன்றின் கூட்டு வேலை. விதியென்றால் அழலாம், துருவென்றால் கணக்குக் கேட்கலாம்.

ஆகவே தோழர்களே, எந்த நாடானாலும் நாம் கேட்க வேண்டியது மூன்று. எண்ணெய் விற்கும் லாபத்திலிருந்தே நிதி சேர வேண்டும். அந்த நிதி ஏழையின் கிணற்றுக்கு முதலில் போக வேண்டும். அதிலிருந்து ஒரு காசும் வேறு காரியத்துக்குப் போகக்கூடாது. உங்கள் ஊர்ப் பெட்ரோல் கடைத் தொட்டி எந்த வருஷம் புதைத்தது, கடைசியாக என்று சோதித்தார்கள் என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். கேட்கத் துணியாதவன் கிணற்றில்தான் முதலில் எண்ணெய் மிதக்கும்.