தொடை பெருத்துவிடும் என்ற பயம்

ஜெர்மானிய வீரர் ராபர்ட் ஃபோர்ஸ்டேமானின் தொடைச் சுற்றளவு 70 சென்டிமீட்டரைத் தாண்டும். ஒல்லியான ஒருவருக்கு அது இடுப்பளவு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சைக்கிள் குழு ஸ்பிரிண்டில் வெண்கலம் வென்ற அவர், 2015-ல் வெளியான ஒரு வீடியோவில் நகராத சைக்கிளை மிதித்து, அதில் பிறந்த மின்சாரத்திலேயே ஒரு ரொட்டித் துண்டை டோஸ்ட் செய்தார். டோஸ்டருக்குத் தேவை 700 வாட். ரொட்டி சிவந்து முடிந்தபோது மனிதர் தரையில் கிடந்தார்.

இப்படியொரு தொடையைப் பார்த்துவிட்டுத்தான் பலர் ஜிம்மில் சைக்கிள் பக்கமே போவதில்லை. கால் தூண் மாதிரி ஆகிவிடுமாம். ஜிம் விளம்பரங்களோ தொடைக் கொழுப்பு கரைந்துவிடும் என்கின்றன. இரண்டுமே தவறு, இரண்டாவதற்குக் கட்டணமும் உண்டு.

ஃபோர்ஸ்டேமான் போன்ற ஸ்பிரிண்ட் வீரர்களின் தொடை வெறும் பெடலில் விளைந்ததல்ல. கனத்த எடையைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு அதில் பெரும்பங்கு. பிறவி வாகும் சேர்கிறது. அதே 2012-ல் டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற பிராட்லி விக்கின்ஸைப் பாருங்கள். மூன்று வாரத்தில் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் மிதித்தவர், கால்களோ குச்சி.

பெடல் தசைக்குத் தரும் வேலையே வேறு. மாடிப்படி இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசையை அதிகம் சிதைத்து வலியெடுக்க வைப்பது அத்தகைய வேலைதான். பெடல் மிதிப்பதில் அது மிகக் குறைவு. முன்தொடையும் புட்டமும் சுருங்கித் தள்ளுகின்றன, அவ்வளவே. மிதித்து இறங்கியதும் பேன்ட் இறுக்குவதற்குக் காரணம் தசையில் பாய்ந்த ரத்தமும் நீரும். சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

கொழுப்பு விஷயத்தில் 1971-லேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தார்கள். ராக்கெட் பிடிக்கும் கை பருத்திருந்தது. தோலடிக் கொழுப்பு மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். உழைக்கிற இடத்திலிருந்தே கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும் வழக்கம் உடலுக்கு இல்லை.

உண்மையில் சைக்கிளால் கால் பெருப்பது யாருக்கு? அமெரிக்காவின் இண்டியானாவில் 70 வயதையொட்டிய 9 பெண்கள் 12 வாரம் நிலை சைக்கிள் மிதித்தார்கள். 2009-ல் வெளியான முடிவின்படி, முன்தொடைத் தசையின் கனஅளவு சராசரியாக 12 சதவீதம் கூடியது. அந்த வயதில் அது அழகுக் கணக்கல்ல. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதற்கான பலம். ஜிம் வாசலில் எழுதி வைக்க வேண்டிய சேதி இது. அங்கே தொங்குவதென்னவோ இருபது வயதுக் கால்களின் படம்.

இளைஞர்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பயிற்சியாளர் சொல்லச் சொல்லக் குழுவாக மிதிக்கும் ஸ்பின் வகுப்புகளின் சைக்கிள்கள் பலவற்றில் கனமான சக்கரம் பெடலோடு பிணைந்திருக்கும். கால் ஓய்ந்தாலும் சக்கரம் அதை இழுத்துக்கொண்டே போகும். முதல் வகுப்பிலேயே அளவுமீறி மிதித்து, தொடைத் தசை சிதைந்து, சிறுநீர் கறுத்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழொன்று 2017-ல் எழுதியது. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தையே முடக்கக்கூடும். புதிதாக வந்தவரிடமும் “இன்னும், இன்னும்” என்று மைக்கில் கத்தும் பயிற்சியாளர், முதல் சில வாரங்களுக்காவது பெடலின் எதிர்ப்பைக் குறைத்து வைத்து, பாதியில் இறங்க நினைப்பவரை இறங்க விட வேண்டும்.