‘வேலை கிடைக்கிற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க'

திருவிழாக் காலம் வந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் ராத்திரிக் கபடி நடக்கும். போகஸ் லைட், மைக் செட், சுழற்கோப்பை, எந்தப் பரிசு யார் உபயம் என்று ஆளுயர பிளக்ஸ். நம் தெருப் பையன்களுக்கு அந்த மைதானம் பெரிய விஷயம். பகலில் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவனை, விடியக்காலையில் ஜீப்பேறி ஏலக்காட்டுக்குப் போகிறவனை, அந்த ராத்திரி மட்டும் மொத்த ஊரும் பெயர் சொல்லிக் கூப்பிடும். மற்ற நாளில் எப்படிக் கூப்பிடும் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

அப்படி ஒரு ரைடரின் மனைவி இரண்டு வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார். இடது காது சரியாகக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். என்னிடமும் முதலில் அதையேதான் சொன்னார். மூன்றாவது முறை வந்தபோதுதான் உண்மையைச் சொன்னார்.

அவர் சொல்லி முடித்த இரண்டாம் நாள் என் வீட்டு வாசலில் ஆட்கள். மாமியார், தெருப் பெரியவர்கள் இரண்டு பேர், கூடவே நம் இயக்கத்துத் தம்பிகள் மூன்று பேர். அந்த ரைடர் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு தம்பி சொன்னான்: “அக்கா, நம்ம தெருவுல மொத போலீஸ் வேல. கேஸுன்னு ஒரு பேப்பர் போனா வெரிபிகேஷன்லயே தூக்கிருவாங்க. வேலை கிடைக்கிற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க.”

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். “வேல கெடச்சா நிறுத்திருவாருன்னு அவங்க சொல்றாங்க. கெடச்சா இன்னும் ஓங்கி அடிப்பாருன்னு எனக்குத்தான தெரியும்” என்றார்.

இதைச் சொல்லிவிட்டு ஐபிஎல் பக்கம் போவது சம்பந்தமில்லாதது போல இருக்கும். ஆனால் அந்தத் தம்பி தமிழில் சொன்னதைத்தான் பெரிய வாரியங்கள் இங்கிலீஷில் சொல்கின்றன.

2018 மார்ச்சில் முகமது ஷமி மீது அவர் மனைவி ஹசின் ஜஹான் கொல்கத்தாவில் புகார் கொடுத்தார். அடித்தார், கொடுமைப்படுத்தினார் என்பதோடு, பணம் வாங்கியதாக ஒரு சூதாட்டச் சந்தேகமும் அவர் பேச்சில் இருந்தது. ஷமி எல்லாவற்றையும் மறுத்தார். கிரிக்கெட் வாரியம் அவருடைய ஆண்டு ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. ‘பரவாயில்லையே' என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு பார்த்தால், ஊழல் தடுப்புப் பிரிவின் தலைவராக இருந்த நீரஜ் குமாரிடம் விசாரிக்கச் சொன்னது சூதாட்டச் சந்தேகத்தை மட்டும்தான். அதில் ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்ததும், இரண்டே வாரத்தில் ‘பி' பிரிவு ஒப்பந்தம், வருடத்துக்கு 3 கோடி ரூபாய். அடித்தார் என்ற புகாரை வாரியம் தொடவே இல்லை. அது குடும்ப விஷயமாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபரில் பாகிஸ்தானிடம் தோற்றபோது ஷமியின் மதத்தைச் சொல்லித் திட்டிய கூட்டம் இருக்கிறதே, ஹசின் ஜஹான் பெயரை எடுத்துக்கொண்டு அவரைத் தாக்குவதும் பெரும்பாலும் அதே கூட்டம்தான். அவர்களுக்கு அந்தப் பெண்மேல் ஒரு அக்கறையும் கிடையாது. நான் ஷமி குற்றவாளி என்று தீர்ப்பெழுத வரவில்லை. ஒரு வாரியம் எதை விசாரிக்கத் தகுந்தது என்று நினைக்கிறது, எதை நினைப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

அடுத்த வருடமே இன்னொன்று நடந்தது. 2019 ஜனவரியில் ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசினார்கள். ஒளிபரப்பான ஒரு வாரத்துக்குள் இடைநீக்கம். ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏப்ரலில் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம். தண்டித்தது சரிதான். ஆனால் பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசினால் ஒரு வாரத்தில் நடவடிக்கை, பெண்ணை அடித்ததாகப் புகார் வந்தால் குடும்ப விஷயம் என்றால், வாரியம் எதற்குப் பயப்படுகிறது? டிவியில் ஊரே பார்த்தது ஒன்று. யாரும் பார்க்காதது இன்னொன்று. விளம்பரக்காரர் முகம் சுளித்தால் குற்றம், மனைவியின் காது போனால் சொந்த விஷயம்.

‘நீதிமன்றம் முடிவு சொல்லட்டும்' என்பது நியாயமான பேச்சு போலவே கேட்கும். சமூகவியல் படிக்கிற மாணவர்களும் சட்டக் கல்லூரித் தம்பி தங்கைகளும் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அது அடிப்படையில் உரிமையியல் சட்டம். அதன்கீழ் பாதுகாப்பு உத்தரவு கிடைக்கும், வீட்டில் தங்கும் உரிமை கிடைக்கும், ஜீவனாம்சம் கிடைக்கும். ‘இவர் குற்றவாளி' என்ற தீர்ப்பு வராது. உத்தரவை மீறினால்தான் சிறை, அதுவும் அதிகபட்சம் ஒரு வருடம். ஆக, ‘குற்றம் நிரூபணமாகட்டும்' என்று ஒரு லீக் காத்திருந்தால், இந்தச் சட்டத்தின்கீழ் போன பெண்ணுக்காக அது கடைசிவரை காத்துக்கொண்டேதான் இருக்கும். பழைய 498ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 85, அது கிரிமினல் வழக்கு. அது முடிவதற்குள் ஒரு விளையாட்டுக்காரனின் ஆட்டக் காலமே முடிந்துவிடும்.

சரி, உத்தரவு வந்துவிட்டால் மட்டும் என்ன ஆகிறது? 2022 பிப்ரவரியில் மும்பை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்று, லியாண்டர் பயஸ் ரியா பிள்ளையிடம் குடும்ப வன்முறையில் நடந்துகொண்டார் என்று கண்டு, மாதம் 1 லட்சம் ரூபாய் ஜீவனாம்சமும், அவர் அந்த வீட்டைவிட்டு வெளியேறினால் வாடகைக்கு 50,000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. 2024 ஜூலையில் பயஸ் சர்வதேச டென்னிஸ் ஹால் ஆப் பேமில் சேர்க்கப்பட்டார். அதே மேடையில் நம் விஜய் அமிர்தராஜும் கௌரவிக்கப்பட்டதால் தமிழ்நாட்டில் அந்தச் செய்தியை மகிழ்ச்சியோடு படித்தோம். இரண்டு வருடத்துக்கு முந்தைய உத்தரவு யார் ஞாபகத்துக்கு வந்தது?

அமெரிக்காவில் இதைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடிபட்டுக் கற்றிருக்கிறார்கள். 2014இல் ரே ரைஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் தன் வருங்கால மனைவியை லிப்டுக்குள் அடித்து மயங்கவைத்தார். லீக் முதலில் கொடுத்தது இரண்டே ஆட்டத் தடை. செப்டம்பரில் லிப்டுக்குள் எடுத்த வீடியோ வெளியானதும் காலவரையற்ற தடை. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்க முடியாது என்று நடுவர் நவம்பரில் அதை ரத்து செய்துவிட்டார். விதியை முன்கூட்டி எழுதிவைக்காமல், ஊர் கொதித்தபிறகு தண்டித்தால் இப்படித்தான் ஆகும்.

மறு வருடம் அங்குள்ள பேஸ்பால் லீக், வீரர்கள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி ஒரு கொள்கை கொண்டுவந்தது. புகார் வந்தால் ஏழு நாள்வரை விடுப்பில் வைத்து விசாரிக்கலாம். நீதிமன்றத் தண்டனை இல்லாவிட்டாலும் லீக் தண்டிக்கலாம். அதன்கீழ் முதலில் தடை வாங்கிய அரோல்டிஸ் சாப்மேன்மீது போலீஸ் வழக்கே போடவில்லை. இருந்தும் 30 ஆட்டங்கள் வெளியே இருந்தார். அதே வருடம் சாம்பியன் கோப்பையும் தூக்கினார், அது வேறு கதை.

இங்கே கபடி உலகத்திலேயே புகார் வந்தாயிற்று. 2025 பிப்ரவரியில் உலக சாம்பியன் குத்துச்சண்டை வீராங்கனை சவீட்டி பூரா, தன் கணவரும் இந்தியக் கபடி அணியின் முன்னாள் கேப்டனுமான தீபக் ஹூடாமீது ஹிசார் போலீஸில் வரதட்சணைக் கொடுமைப் புகார் கொடுத்தார். ஹூடா மறுத்து, எதிர்ப்புகார் கொடுத்தார். எது உண்மை என்று இங்கிருந்து சொல்ல என்னால் ஆகாது. ஆனால் பதக்கம் வாங்கிய குத்துச்சண்டைக்காரிக்கே வீட்டுப் பிரச்சினைக்குப் போலீஸ் ஸ்டேஷன் படியைத் தவிர வேறு கதவில்லை என்றால், ஏலக்காட்டுக்குப் போகிற நம் பெண்ணுக்கு எந்தக் கதவு இருக்கப்போகிறது?

இந்த இடத்தில் எனக்கும் ஒரு பயம் உண்டு. தண்டனை விதி என்று ஒன்று வந்தால் முதலில் யார் தலையில் விழும்? நட்சத்திர வீரனுக்கு வக்கீல் வருவார். குறைந்த விலைக்கு ஏலம் போன நம் பையனை ஒரே போன் காலில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று, நம் பையன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டியிருந்தால், பெண் வீட்டார் என்னென்ன புகார் எழுதுவார்கள் என்று தேனி மாவட்டத்தில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும். அதனால்தான் எழுதிவைத்த விதி வேண்டும் என்கிறேன். புகார் அந்தப் பெண்ணுடையதாக மட்டுமே இருக்க வேண்டும். அப்பா, அண்ணன், சாதிச் சங்கம் கொண்டுவரும் காகிதம் செல்லாது. விசாரிக்கிற குழுவில் லீக்கின் சம்பளக்காரர்கள் இருக்கக்கூடாது. வெளியிலிருந்து பெண்கள் வேண்டும், அதில் தலித் பெண் ஒருவராவது வேண்டும். குழு இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று கெடு வேண்டும். நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு போட்டாலோ போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாலோ, குழு முடிவு சொல்லும்வரை களத்துக்கு வெளியே. ஒரு கோடி வாங்குகிறவனுக்கும் ஆறு லட்சம் வாங்குகிறவனுக்கும் அதே விதி.

எல்லாவற்றையும்விட நான் அடித்துச் சொல்ல விரும்புவது காசைப் பற்றி. ஆட்டக்காரனைத் தடை செய்து சம்பளத்தை நிறுத்தினால் முதலில் காயப்போவது யார் வயிறு? அவன் எங்காவது கடன் வாங்கிச் சாப்பிடுவான். குழந்தையோடு இருப்பவள் என்ன செய்வாள்? புகார் கொடுத்தால் சோறு போய்விடும் என்று தெரிந்தால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? ஆகவே தடைக்காலத்தில் சம்பளத்தை லீக் எடுத்துக்கொள்ளக் கூடாது. குறிப்பிட்ட பங்கு நேராக அவள் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். இது நடக்காத காரியமில்லை. ஷமி வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மனைவிக்கு மாதம் ஒன்றரை லட்சம், மகளுக்கு இரண்டரை லட்சம் என்று இடைக்காலமாக உத்தரவிட்டது. ஆனால் புகார் கொடுத்து ஏழு வருடத்துக்கும் மேலே ஆகியிருந்தது.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியச் சராசரி 29. இதில் நம் தெருவும் சேர்த்திதான். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தைப் பெண்களின் முன்னேற்றத்தை வைத்து அளப்பதாக அம்பேத்கர் சொன்னதை ஏப்ரல் 14க்கு பிளக்ஸ் அடிக்கிறோம். என் வாசலுக்கு வந்த மூன்று தம்பிகளும் அந்த பிளக்ஸில் முகம் போட்டவர்கள்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தெருவுக்கு ஒரு போலீஸ் வேலை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். அந்த வேலையின் விலையை ஒருத்தியின் காதிலிருந்து எடுக்கலாம் என்று அவர்கள் நினைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு எப்ஐஆர் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். பாதுகாப்பு அலுவலர் வழியாகக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்டோம். அதற்கு எப்ஐஆர் தேவையில்லை. கிரிமினல் வழக்காக அவன் வெரிபிகேஷனில் வந்து நிற்காது. தெருவில் யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியவில்லை, விளக்கிச் சொன்னபோது கேட்கவும் பொறுமையில்லை. பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. அவர் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறார். அந்த வருடம் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை, உடல்தகுதித் தேர்விலேயே போய்விட்டது. தெரு இன்றுவரை அதற்கும் அவரைத்தான் திட்டுகிறது.

போன திருவிழாவில் அவன்தான் சிறந்த ரைடர். பித்தளைக் குத்துவிளக்கு பரிசு. கொடுக்கும்போது மைக்கில் ‘குடும்பத்தில் விளக்கேற்றட்டும்' என்றார்கள்.

கபடியில் பச்சை அட்டை காட்டினால் எச்சரிக்கை, மஞ்சள் காட்டினால் இரண்டு நிமிடம் வெளியே, சிவப்பு காட்டினால் ஆட்டத்தைவிட்டே வெளியே. நம் ஊர்ப் போட்டி நோட்டீஸிலும் விதி போடுகிறார்கள்: குடித்துவிட்டு ஆடக்கூடாது, நடுவர் தீர்ப்பே இறுதியானது, நுழைவுக் கட்டணம் இவ்வளவு. இந்த வருட நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்குமுன் இன்னொரு வரி சேர்க்கச் சொல்லி விழாக் கமிட்டியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவு உள்ளவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கக்கூடாது. என் வாசலுக்கு வந்த மூன்று தம்பிகளில் ஒருவன் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். மற்ற இரண்டு பேரும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.