கூட்டத்தை அழைப்பவர் வழியும் விட வேண்டும்

தீபாவளி, பொங்கல் வந்துவிட்டால் கடைவீதியில் எள் போட்டால் எள் விழாது. கூட்டம் வந்தால்தான் நமக்கு வியாபாரம். ஆனால் வந்தவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டிய பொறுப்பு போலீசாருக்கு மட்டும் உரியதல்ல, நமக்கும் உண்டு.

2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்கக் கூடியவர்களில் 42 பேர் நெரிசலில் மாண்டனர். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் வாங்க வந்த 4 பெண்கள் இறந்தனர். முந்தினால்தான் கிடைக்கும் என்ற பயம் பொல்லாதது. "முதலில் வரும் 100 பேருக்கு இலவசம்" என்று நாம் தட்டி வைத்தாலும் கிளம்புவது அதே பயம்தான்.

நெரிசலில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நெஞ்சு அழுந்தி, மூச்சுவிட முடியாமல் நின்றபடியே சாகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் 5 பேருக்கு மேல் நெருக்கினால் ஆபத்து என்கிறார்கள் நிபுணர்கள். நம் கணக்கில் அது சுமார் இரண்டு அரிசி மூட்டை கிடத்தும் இடம். வாசலுக்கு வெளியே இரண்டு மூட்டை வைத்தால் 5 பேர் நிற்கும் இடம் போயிற்று.

"சீசனில் நாலு நாள் வெளியே பரப்பாவிட்டால் கடை வாடகைக்குக் கட்டுப்படியாகுமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நிற்க இடமில்லாத வாடிக்கையாளர் வாங்காமலே நகர்ந்துவிடுவார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இனாம் கொடுப்பவர்கள் முன்கூட்டியே சீட்டுக் கொடுத்து, ஆளுக்கொரு நேரம் குறித்துவிடலாம். மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் சீசன் நாட்களில் இரவு 10 மணிக்கு மேல்தான் லாரியைத் தெருவுக்குள் விட வேண்டும். நெரிசல் கண்டதும் ஷட்டரைப் பாதி இறக்குவது தவறு. முழுக்கத் தூக்கி, பெண்களும் குழந்தைகளும் ஒதுங்க இடம் கொடுக்க வேண்டும்.

கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள்: சிக்கிக்கொண்டால் கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். விழுந்த பையை எடுக்கக் குனியக் கூடாது. கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், சாய்வாக ஓரத்துக்கு நகர வேண்டும்.

ஒருவர் மட்டும் சரக்கை உள்ளே இழுத்தால் பக்கத்துக் கடைக்காரர் அந்த இடத்திலும் பரப்புவார். எல்லோரும் சேர்ந்து இழுத்தால் எவருக்கும் நஷ்டமில்லை. ஆகவே அடுத்த சீசனுக்கு முன் ஒவ்வொரு கடைவீதியிலும் சங்கம் கூடி, வாசலில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டி எவர் சரக்கும் வரக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.